கைவிடப்பட்ட பழைய கட்டடங்களைப் படம் எடுப்பது கலையாகுமா? கொழும்பில் எப்படித் தொடங்கலாம்?

ஆகும். ஆனால் உதிர்ந்த சாந்தும் சுவரைப் பிளந்த அரச மரமும் மட்டும் ஒரு படத்தைக் கலையாக்கிவிடாது. பாழடைந்த சுவர் யார் எடுத்தாலும் அழகாகத்தான் விழும். அதனால் கமராவைத் திறக்குமுன் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த இடம் ஏன் ஆளில்லாமல் போனது? அந்தக் காரணம் படத்தில் எங்காவது தெரிய வேண்டும்.

கொம்பனித்தெரு ரியோ தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குடும்பம் ஒன்று 1965இல் திறந்த அரங்கு அது. 1983 ஜூலை இனக்கலவரத்தில் அதை எரித்தார்கள். அதன் பிறகு அது பழைய பொலிவுக்குத் திரும்பவில்லை. ஓவியர்களும், பொருட்களை அடுக்கி இடத்தையே காட்சியாக்கும் நிறுவல் கலைஞர்களும் உள்ளே காட்சி வைத்த காலமும் உண்டு. கோட்டையில் இரத்தினக்கல் வியாபாரி ஒருவர் 1915இல் கட்டிய கபூர் கட்டடமும் நெடுங்காலம் வெறுமையாக நின்றதுதான். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க என்னால் முடியாது. கபூர் கட்டடத்தில் மழையும் பராமரிப்பின்மையும் வேலை செய்திருக்கின்றன, ரியோவில் மனிதர் வைத்த நெருப்பு. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் புகைக்கரியும் பாசியும் ஒரே கறுப்பாகிவிடும். அதனால் எரிந்த இடங்களை நான் நிறத்தில்தான் எடுப்பேன். மழையில் நனைந்து கறுத்த சுவருக்குக் கறுப்பு வெள்ளை நன்றாகப் பொருந்தும். புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) இந்த ஊரில் இருந்துகொண்டு நிழலை எவ்வளவு துணிவாகக் கையாண்டார் என்று பாருங்கள், அதைவிட நல்ல பாடம் இல்லை.

வெளிச்சம் முக்கியம். நாம் ஏறக்குறைய 7 பாகை வடக்கில் இருக்கிறோம். நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நின்று தூண்களைத் தட்டையாக்கிவிடும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் தென்மேல் பருவக்காற்றுக் காலத்து மூடிய வானத்துக்குக் காத்திருங்கள், உள்ளறைகளுக்கு அந்த மெல்லிய வெளிச்சம் அற்புதம். ட்ரைபொட் வைத்து, கமராவைச் சாய்க்காமல் மட்டமாக நிறுத்தினால் சுவர்கள் உள்நோக்கிச் சரியாது. ஜன்னலுக்கு ஒன்று, இருட்டு மூலைக்கு ஒன்று என்று வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கமராவுக்குள் விடும் ஒளியின் அளவில்) எடுத்துப் பிறகு சேர்க்கலாம். ஏசி வாகனத்திலிருந்து இறங்கியதும் லென்ஸ் வேர்க்கும், கொஞ்சம் பொறுங்கள்.

பூட்டை உடைத்தோ வேலி தாண்டியோ போகாதீர்கள். கோட்டையில் துறைமுகமும் ஜனாதிபதி செயலகமும் பக்கத்திலேயே இருப்பதால் வெளியே நின்று எடுப்பதற்கும் முதலில் கேட்டுவிடுவது நல்லது. உள்ளே விட்டால், கறையான் அரித்த பலகைத் தளத்தின் நடுவில் நடக்க வேண்டாம். அப்புறம், படம் நன்றாக வரும் என்று எந்தப் பொருளையும் நகர்த்தாதீர்கள்.

1906இல் எழுந்த கார்கில்ஸ் கட்டடத்தின் சிவப்பு முகப்பையும் வெளி நடைக்கூடத்தையும் முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். தெருவில் நின்றே பழகலாம்.

தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. தொல்பொருள் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை இயல்பாகவே தொல்சின்னங்கள். அதற்குப் பிந்திய கட்டடம் என்றால் வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். கொழும்பில் நமக்குப் பிடித்த கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தத் தேதிக்குப் பிந்தியவை. கொம்பனித்தெருவின் டி சொய்சா கட்டடம் இடிபட்டுப் போயிற்று. எனவே ஒவ்வொரு படத்தோடும் எடுத்த திகதி, தெரு, அந்தக் கட்டடத்தில் முன்பு என்ன நடந்தது என்பதை எழுதி வையுங்கள். அயலில் இருக்கும் முதியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.