கேக் செய்து விற்க கேஸ் ஓவன் வாங்குவதா, கரண்ட் ஓவனா?

கேள்வி: “வீட்டிலேயே கேக் செய்து விற்கலாம் என்றிருக்கிறேன். வாரம் நாலைந்து ஆர்டர் வரும். கரண்ட் ஓவன் வாங்கினால் பில் எகிறிவிடும், கேஸ் ஓவன்தான் சிக்கனம் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?”

என்னிடமும் ஒரு கடைக்காரர் இதையேதான் சொன்னார். “கரண்ட் பில் தாங்காதும்மா” என்றார். நம்பி, நாலு பர்னரும் அடியில் கேஸ் ஓவனும் உள்ள குக்கிங் ரேஞ்ச் ஒன்றை வாங்கி வந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு 40 லிட்டர் ஓடிஜியும் (மேடையில் வைக்கும் கரண்ட் ஓவன்) வாங்க வேண்டியதாயிற்று. ஆக இரண்டுமே வீட்டில் இருக்கின்றன, தாம்பரம் பக்கம் ஒரு சின்ன சமையலறையில். போன வருஷம், அதாவது 2025 ஜூனில், இரண்டையும் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். விலைகள் எல்லாம் அப்போதையவை. உங்கள் பில்லில் இப்போது இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கரண்ட். ஓடிஜியில் 2000 வாட் என்று எழுதியிருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கடைக்காரரின் பயமுறுத்தலும் அந்தக் கணக்குதான். ஆனால் ஓவன் முழு நேரமும் எரிவதில்லை. சூடு 180 டிகிரியைத் தொட்டதும் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம், முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். சூடு கொஞ்சம் இறங்கியதும் மறுபடி ‘டக்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மகனை ஈபி மீட்டர் முன்னால் நிறுத்தினேன். அங்கே ஒரு குட்டி விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும் இல்லையா? எங்கள் மீட்டரில் அது 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். ஓவன் எரியும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை துடிக்கிறது. ‘டக்’ கேட்டதும் அப்படியே நின்றுவிடுகிறது. “அம்மா, செத்துப்போச்சு!” என்று அங்கிருந்து கத்துகிறான். நான் இங்கே கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

ஓவன் சூடேற 12 நிமிடம். கேக் உள்ளே இருந்த 40 நிமிடத்தில் ஓவன் எரிந்தது மொத்தம் 17 நிமிடம்தான். 29 நிமிடத்துக்கு 2000 வாட் என்றால் 0.97 யூனிட். சரி, ஒரு கேக்குக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சூடு ஆறும் முன்பே அடுத்த கேக்கை உள்ளே தள்ளினால் அதற்கு அரை யூனிட்டை ஒட்டித்தான் ஆகும். நடுவில் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கு கூடும், கேக்கும் நடுவில் அமுங்கும்.

அடுத்து அந்த ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு? நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, “எனக்கு யூனிட் மூன்று ரூபாய்தான்” என்கிறார்கள். இன்னும் சிலர் முதல் 100 யூனிட் இலவசம்தானே என்கிறார்கள். அந்த 100 யூனிட்டை ஃபேனும் ஃப்ரிட்ஜும் எப்போதோ தின்று தீர்த்திருக்கும். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் இல்லையா? ஓவன் கடைசியாக வந்த விருந்தாளி, அதற்கு மேல் படியில்தான் இடம். எங்கள் வீட்டில் ஓவன் இல்லாமலே இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகும். அதனால் ஓவன் தின்னும் ஒவ்வொரு யூனிட்டும் 401-500 படியில் விழுகிறது. நான் கணக்குப் போட்டபோது அந்தப் படிக்கு 6.30 ரூபாய். 201-400 படிக்குள் நிற்கும் வீட்டில் அதே யூனிட் 4.70.

500ஐத் தாண்டினால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. 501வது யூனிட்டிலிருந்து 8.40 என்பது மட்டுமில்லை. அதுவரை 101 முதல் 200 வரைக்கும் பாதி விலை போட்டுக்கொண்டிருந்தார்களே, அந்தச் சலுகையும் போய்விடும். 500 யூனிட்டுக்கு வரும் பில்லுக்கும் 510 யூனிட்டுக்கு வரும் பில்லுக்கும் 300 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், வெறும் 10 யூனிட்டுக்கு! ஏசி ஓடும் மே மாதத்தில் எனக்கு இதுதான் நடந்தது. ஓவன் மேல் பழி போட்டேன், பாவம்.

இனி கேஸ். இதை அளக்க மீட்டர் கிடையாது. பயணப் பெட்டியை மாட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருந்தது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, பாதி காலியான சிலிண்டரின் கைப்பிடியில் கொக்கியை மாட்டி, வீட்டுக்காரரைத் தூக்கச் சொன்னேன். 21.46 கிலோ. அதே அளவு கேக், அதே 180 டிகிரி. எடுத்து வைத்துவிட்டு மறுபடி தூக்கினால் 21.24. அதாவது 220 கிராம். அப்போது சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 ரூபாய். கிலோ 61 ரூபாய் வருகிறது. கேக்குக்கு 13 ரூபாய் 45 காசு. மாடிக்குத் தூக்கி வருபவர் கையில் கொடுப்பதை இதில் சேர்க்கவில்லை.

கரண்டில் 6 ரூபாய் சொச்சம், கேஸில் 13 ரூபாய் சொச்சம். நம்ப முடியாமல் இன்னும் இரண்டு தடவை எடை பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை.

காரணம் கேஸ் விலை இல்லை. ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் அளவு சூடு இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு யூனிட் சூடு 4.80 ரூபாய்தான், கரண்டைவிட மலிவு. ஆனால் நெருப்பு எரிய காற்று உள்ளே போக வேண்டும், எரிந்த புகை வெளியே வர வேண்டும். அதற்காகவே கேஸ் ஓவனில் வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியாகச் சூடும் கிளம்பிப் போய்விடுகிறது. என் ஓவனின் பின்பக்கம் கையை நீட்டினால் முடி பொசுங்கும் போலிருக்கும். எனக்கு ஒரு யூனிட்டில் முடிந்த வேலைக்கு கேஸில் 2.8 யூனிட் சூடு செலவாகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. விற்கப்போகிறீர்கள் என்றால் முறைப்படி 19 கிலோ வணிக சிலிண்டர்தான். அப்போது அது 1,900 ரூபாயை ஒட்டி இருந்தது, கிலோ 100 ரூபாய். அதே 220 கிராம் 22 ரூபாய் ஆகிவிடும்.

அப்படியானால் பேக்கரிக்காரர்கள் ஏன் கேஸ் வைத்திருக்கிறார்கள்? அவர்கள் ஒரு கேக் போடுவதில்லை. என் தோழி ஒருத்தி ஒரே அடுக்குள்ள, பேக்கரிகளில் இருக்கும் பெரிய கேஸ் ஓவன் வைத்திருக்கிறாள். காலையில் பற்ற வைத்தால் நாலு மணி நேரம், தடவைக்கு எட்டு அரைக்கிலோ கேக், நாலு தடவை. 2 கிலோ கேஸ், அதாவது 200 ரூபாய், 32 கேக். ஒன்றுக்கு 6 ரூபாய் சொச்சம். ஆர்டர் குறைந்த நாளில் நாலு கேக்குக்காக அதைப் பற்ற வைக்க நேர்ந்தால் புலம்புவாள். கரண்ட் போனாலும் வேலை நடக்கும் என்று நம்பித்தான் வாங்கினாள். வந்து பார்த்தால் பற்ற வைக்கவும் சூட்டைக் கட்டுப்படுத்தவும் அதற்கும் ஒரு பிளக் இருக்கிறது. அந்த அளவுக்கு வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும் என்பது வேறு விஷயம், ஓடிஜியை அது தாங்காது.

சிரிக்காமல் இதையும் கேளுங்கள். என் அம்மா கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, குக்கருக்குள் மணல் பரப்பி, சின்ன பர்னரில் சிம்மில் வைத்துக் கேக் செய்வார். அதையும் எடை போட்டேன். 60 கிராம்! நாலு ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால் மேலே நிறம் வராது, தடவைக்கு ஒன்றுதான் வைக்க முடியும். விற்பதற்கு ஆகாது.

வாரம் நாலைந்து ஆர்டர் என்றால் உங்களுக்கு ஓடிஜி போதும். மாதம் 20 யூனிட்டை ஒட்டித்தான் ஆகும், முடிந்தால் இரண்டு ஆர்டரை ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் கடைசி ஈபி பில்லை எடுத்து 500க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம் சமையலறையில் 16 ஆம்பியர் பவர் பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் இல்லை. மிக்சி போடும் பிளக்கில் ஓடிஜியைச் சொருகி, இரண்டாவது வாரமே அது உருகி, எலக்ட்ரீஷியனுக்கு 1,200 ரூபாய் கொடுத்தேன்.