தீப்பெட்டி அளவில் ஒரு படம்: தம்ப்நெயில் கேள்வி பதில்

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர் யூடியூப் வீடியோக்களுக்குத் தம்ப்நெயில், அதாவது வீடியோவைத் திறக்கும் முன் தெரிகிற முகப்புப் படம், செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

தட்டுவடை செட் கடை வைத்திருக்கிறேன். கடைப் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டும் யாரும் தொடவில்லையே தம்பி?

அக்கா, நீங்கள் 1280-க்கு 720 அளவில் கம்ப்யூட்டரில் பார்க்கிறீர்கள். பார்க்கிறவர் போனில் அது தீப்பெட்டி அளவுதான். விலாசத்தை வீடியோவுக்குக் கீழே எழுதுங்கள். படத்தில் ஒரே ஒரு செட் போதும்: பீட்ரூட் துருவல் ஓரத்தில் பிதுங்க, விரலில் பிடித்து, கிட்டத்தில் எடுத்தது. அந்தச் சிவப்பே கூப்பிடும். எழுத்து வேண்டுமென்றால் மூன்று வார்த்தை. வலது கீழ் மூலையில் வேண்டாம், வீடியோவின் நேரம் அங்கேதான் வந்து உட்காரும்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தை எடுத்தால் தம்ப்நெயில் வெறும் வெள்ளையாகத் தெரிகிறது.

நேரில் அழகாக இருப்பது படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். பனிக்கு முன்னால் கறுப்பாக ஏதாவது வேண்டும்: சில்வர் ஓக் மரம், குடை பிடித்த ஆள், கொண்டை ஊசி வளைவின் எண் பலகை. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 வளைவு இருக்கிறதே! நான் இதற்கென்றே சிவப்புச் சால்வை ஒன்று வண்டியில் வைத்திருக்கிறேன். வீட்டில் கேலி செய்வார்கள், பரவாயில்லை.

அருவி கொட்டுகிற தம்ப்நெயிலை நம்பி ஏப்ரலில் கிளியூர் போனோம் அண்ணா. பாறைதான் இருந்தது.

பெட்ரோல் காசு போச்சு! கிளியூர் அருவி மழையை நம்பி இருப்பது, ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. வீடியோ எந்த மாதம் ஏற்றியது என்று முதலில் பாருங்கள். அப்புறம் வீடியோவின் அடியில் ஓடும் கோட்டினை விரலால் இழுத்தால் உள்ளே இருப்பது குட்டிக் குட்டிப் படமாக ஓடும். தம்ப்நெயிலில் இருந்த அருவி அதில் வரவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஏமாற்றுத் தலைப்பு, தம்ப்நெயில் மேல் இந்தியாவில் நடவடிக்கையைக் கூட்டுவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது. ஆனால் அதன் குறி முக்கியமாகச் செய்தி வீடியோக்கள். பழைய அருவிப் படத்தையெல்லாம் யார் பிடிக்கப் போகிறார்கள்?

இரண்டு படம் செய்தேன். எதைப் போடுவது?

இரண்டையும். வீடியோ ஏற்றுகிறவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் மூன்று படம் வரை சோதனைக்கு விடலாம். எதை அதிகம் பேர் தொட்டார்கள் என்பதை வைத்து அது முடிவு சொல்வதில்லை, எந்தப் படத்தால் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதுதான் கணக்கு. பொய்ப் படம் அங்கேயே தோற்றுவிடும்.

ஷார்ட்ஸுக்கு?

விரலால் தள்ளிப் பார்க்கிறவர் தம்ப்நெயிலைப் பார்ப்பதே இல்லை. போனில் ஏற்றும்போதே நல்ல காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், போதும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம். தம்ப்நெயிலில் எல்லாரும் வாயைப் பிளந்து நிற்கிறார்களே, நானும் நிற்க வேண்டுமா?

வேண்டாங்க. கொலுசு வாங்க வருகிறவர் காலைத்தான் பார்ப்பார்.