பி.காம். முடித்த பெண் சேலை கவுண்டரில் நிற்கலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.காம். முடித்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை கவுண்டரில் நிற்கிறாள். ஆறு மாதமாகிறது. சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேங்க் விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்டேட் பேங்கில் நாம் கிளார்க் என்று சொல்கிற வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஜூனியர் அசோசியேட்; பக்கத்திலேயே 'கஸ்டமர் சப்போர்ட் அண்ட் சேல்ஸ்' என்று போட்டிருக்கும். மற்ற பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ்.ஸும் 2025 அறிவிப்பில் கிளார்க் என்ற பெயரை எடுத்துவிட்டு 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று போட்டுவிட்டது. அங்கே போனாலும் பாஸ்புக்கை நீட்டுகிற பாட்டிக்குப் பொறுமையாகப் பதில் சொல்லத்தான் போகிறாள். என்ன, உட்கார நாற்காலி உண்டு, சம்பளம் கூடுதல், வேலை நிரந்தரம். அது பெரிய வித்தியாசம்தான், மறுக்கமாட்டேன். பரீட்சை எழுதட்டும். பொதுப் பிரிவுக்கே 28 வயது வரை நேரம் இருக்கிறது. அதற்காக இப்போதே கடையை விட்டு நிற்கச் சொல்லாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். போன வருஷம் என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த சமயம், சேலை எடுக்க அழைத்துப் போயிருந்தேன். அரக்கு நிறத்தில் ஒன்று பிடித்துவிட்டது, பில் போடச் சொல்லிவிட்டோம். கவுண்டரில் இருந்த பெண், "ஒரு நிமிஷம் பாட்டி, வெளிச்சத்துல பார்த்துருங்க" என்று சேலையை வாசலுக்கு எடுத்துப் போனாள். வெயிலில் அது கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. கடை விளக்கு செய்த வேலை. அம்மா வேண்டாம் என்றார். அடுத்த சேலையை விரித்தவள், முந்தியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். கரையோரம் இழை விட்டிருந்தது. எங்கள் கண்ணில் பட்டிருக்கவே படாது. பேசாமல் மடித்துத் தனியாக வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தாள், அதைத்தான் வாங்கினோம். அம்மாவுக்கு இன்றைக்கும் கடைப் பெயர் வாயில் வராது. "அந்தப் பொண்ணு இருக்கிற கடைக்குப் போவோம்" என்பார்.

இதையெல்லாம் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. உங்கள் மகளிடம் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்: கோர்வைப் பட்டில் கரையையும் உடலையும் எப்படிச் சேர்க்கிறார்கள், சுங்குடியை வீட்டில் எப்படி அலச வேண்டும், பட்டும் பாலியெஸ்டரும் தொட்டால் எப்படி வேறுபடும்? கண் விரியச் சொன்னாள் என்றால் விட்டுவிடுங்கள், அவள் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறாள். "யாருக்கும்மா தெரியும்" என்று எழுந்து போனால், சரி, வேறு வேலை பார்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

அவளுக்கு என் யோசனை ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். எந்த ரகம் வந்த வாரமே போகிறது, எது தேங்குகிறது, "இந்த விலையில் இது இல்லையா" என்று கேட்டுவிட்டு எத்தனை பேர் வெறுங்கையோடு போகிறார்கள் என்று தினமும் நான்கு வரி எழுதட்டும். பி.காம். படித்த பெண்ணுக்கு இது சுலபம். ஒரு தீபாவளி, ஒரு ஆடித் தள்ளுபடி, ஒரு கல்யாண சீசன் முடிந்த பிறகு அந்த நோட்டோடு கொள்முதல் பிரிவுக்கு இடம் கேட்டால், முதலாளி காது கொடுத்துக் கேட்பார். கவுண்டரில் நிற்காதவர்களுக்கு அந்தக் கணக்கு கிடைக்காது.

கடை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பெருமையாக வேலை பார் என்று ஊழியரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிர்வாகத்தைக் கேள்வி கேட்காமல் விடுகிற ஆலோசகர்களை எனக்குப் பிடிக்காது. பி.எஃப். பிடிக்கிறார்களா, அந்தக் கணக்குக்கான யு.ஏ.என். எண் அவளுக்கு வந்திருக்கிறதா? நாளை வேறு இடத்துக்குப் போனால் அனுபவத்துக்கு அதுவும் ஒரு சாட்சி. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகள் சட்டப்படி சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை, வாரம் ஒருநாள் லீவு. 2021-இல் அதே சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கால் வீங்கி வீட்டுக்கு வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் கடையை மாற்றட்டும், தொழிலை மாற்ற வேண்டாம்.

கத்துகிற கஸ்டமரைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். ஒரு தடவை பொறுமையாகச் சொல்லலாம், மறுபடியும் கத்தினால் ஃப்ளோர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான். திட்டு வாங்குவது வேலையில் சேர்த்தி கிடையாது.

கடைசியாக, அந்த அக்கவுண்ட்ஸ் கதை. நீங்கள் போனில் சொல்வது அவள் காதில் விழாமல் இருக்காது. ஒன்று செய்யுங்கள். சீசன் இல்லாத ஒரு புதன்கிழமை மதியம் உங்கள் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. அவள் கவுண்டரிலேயே ஒரு சேலை எடுங்கள். விலையெல்லாம் அப்புறம். முதலில் வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள்.