முதல்முறை குட்டநாடு போகிறவர்களுக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் படகில் போனதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வரும் ஜனவரியில் என் தங்கை குடும்பமும் நாங்களுமாக ஏழு பேர் குட்டநாடு, அதாவது ஆலப்புழையைச் சுற்றிய காயல் பகுதி, போகிறோம். காயலை (கடலோரத்து உப்பங்கழியை) யாருமே பார்த்ததில்லை. அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. தங்கை மாப்பிள்ளை ஹவுஸ்போட்தான் என்று ஒரே பிடியாக இருக்கிறார். நீங்களோ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கையில் இருப்பது இரண்டு நாள். எங்கே ஆரம்பிப்பது?

ஆர்., உடுமலைப்பேட்டை

*

அன்புள்ள ஆர்.,

மாப்பிள்ளையோடு சண்டை வேண்டாம். ஹவுஸ்போட் எடுங்கள், ஆனால் இரண்டாம் நாள். முதல் நாள் சர்க்கார் படகில் ஏறுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு நண்பர் குடும்பத்தை நேராக ஹவுஸ்போட்டில் ஏற்றினேன். ஏப்ரல் மாதம், உச்சிவெயில். ஏறியதும் சாப்பாடு. பொரித்த கரிமீனை எல்லோரும் ஒரு பிடி பிடித்துவிட்டு ஏசி அறைக்குள் போய்ப் படுத்தார்கள். எழுந்து வந்தபோது படகு கரையில் கட்டிக் கிடந்தது. மாலை ஐந்தரைக்கு மேல் ஹவுஸ்போட் ஓடக் கூடாது, அது மீனவர்கள் வலை போடுகிற நேரம். பக்கத்தில் வரிசையாக இன்னும் ஆறேழு படகுகள், எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் சத்தம். நண்பரின் பையன் வெளியே வந்து, "அங்கிள், நாம எப்ப கிளம்புவோம்?" என்றான். படகுக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காயல் என்னவென்றே தெரியாதவர்களைக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தது நான்தான்.

சர்க்கார் படகு என்பது கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968 முதல் ஓட்டுவது. ஆலப்புழை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் ஓரம் ஜெட்டி. கட்டணம் டவுன் பஸ் மாதிரிதான். கோட்டயம் போக இரண்டரை மணி நேரம் ஆகும். காலைப் படகாகப் பாருங்கள். முன்பக்கம் ஸ்ராங்குக்கு அருகில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்ராங்க் என்பவர் சுக்கான் பிடிப்பவர். எஞ்சின் அவர் கையில் இல்லை. அது கீழே, டிரைவரிடம் இருக்கிறது. டிரைவருக்கு ஆறு கண்ணில் படாது, ஸ்ராங்குக்கு எஞ்சின் எட்டாது. இருவருக்கும் நடுவே ஒரு கயிறும் ஒரு மணியும். ஸ்ராங்க் கயிற்றைச் சுண்டுவார், கீழே மணி அடிக்கும், படகு வேகம் குறையும். மறுபடி அடித்தால் பின்னோக்கி இழுக்கும். அதற்குள் லஸ்கர் ஒருவர் விளிம்பில் நின்று கரைக் கட்டையில் கயிற்றை வீசி மாட்டியிருப்பார். பள்ளிப் பிள்ளைகள் இறங்குவார்கள், ஒருத்தர் கேஸ் சிலிண்டரை உருட்டி ஏற்றுவார். அரை நிமிஷம்தான், மணி அடிக்கும், படகு நகரும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாலாவது ஜெட்டிக்குள் மணியின் கணக்கைப் பிடித்துவிடுவார்கள். எனக்கு ஏழெட்டுப் பயணம் ஆயிற்று.

கூட வருகிறவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. புன்னமடைக் காயலைத் தாண்டி (நேரு டிராபி வள்ளங்களி, அதாவது படகுப் போட்டி, நடக்கிற இடம்) ஆர் பிளாக் என்கிற வயல்வெளிப் பக்கம் படகு போகும்போது எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்திருந்தால் வரப்பும் தென்னையும்தான் தெரியும். எழுந்து நின்றால் வரப்புக்கு அந்தப் பக்கம் வயல். அது நாம் மிதக்கிற தண்ணீரைவிடத் தாழ்வாக இருக்கும். பச்சை நெல் கீழே, படகு மேலே. குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் வரை கீழே இருப்பவை. காயலில் சேற்றை அள்ளி வரம்பு கட்டி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து எடுத்த நிலம் அது. முன்பு வரிசையாக ஆள் உட்கார்ந்து சக்கரத்தை மிதித்து இறைத்தார்கள். அப்புறம் 'பெட்டியும் பறையும்' என்கிற பம்பு வந்தது, இன்றும் அங்கங்கே ஓடுகிறது. இப்படி மீட்ட நிலங்கள் பலவற்றுக்குப் பெயர் வைக்கக்கூட நேரமில்லை போலிருக்கிறது. சி பிளாக், எச் பிளாக், ஆர் பிளாக் என்று எழுத்தோடு விட்டுவிட்டார்கள். 1940-களில் முரிக்கன் என்கிற விவசாயி மீட்டவற்றுக்கு மட்டும் சித்திரை, மார்த்தாண்டம் என்று ராஜ குடும்பத்துப் பெயர்கள்.

நீங்கள் ஜனவரியில் போவதால் தண்ணீரெல்லாம் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும். மாப்பிள்ளை முகம் சுளிப்பார். காரணத்தைச் சொல்லி வையுங்கள். வடக்கே தண்ணீர்முக்கத்தில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. கோடையில் கடலின் உப்புத் தண்ணீர் ஏறி நெல்லைக் கெடுக்காமல் இருக்க டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்குவார்கள். உப்பு வராவிட்டால் நெல் பிழைக்கும், ஆகாயத்தாமரையும் பிழைக்கும். மீனுக்கோ உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீர் வேண்டும். எப்போது இறக்குவது, எப்போது தூக்குவது என்று விவசாயிக்கும் மீனவருக்கும் வருஷா வருஷம் இழுபறி. நான் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தோன்றியது.

கோட்டயம் நெருங்கும்போது படகு ஒடுங்கிய வாய்க்காலுக்குள் நுழையும். குறுக்கே தூக்குப் பாலங்கள். படகு வந்தால் கரையில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துப் பாலத்தைத் தூக்குவார்கள். பாலம் மக்கர் பண்ணினால் படகு காஞ்ஞிரம் ஜெட்டியோடு நின்றுவிடும், மிச்சத்துக்கு ஆட்டோதான். ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது என்றால் வேறு வழி இருக்கிறது. வைக்கம் ஜெட்டியிலிருந்து தவணைக்கடவுக்குக் கால் மணி நேரப் படகு. 2017-இல் விட்ட 'ஆதித்யா', நாட்டின் முதல் சூரியசக்திப் பயணிகள் படகு, ஓடுவது இந்த வழியில்தான். டீசல் நாற்றமும் சத்தமும் இல்லை. அம்மாவுக்குக் கோயில் என்றால் வைக்கத்தப்பன் இருக்கிறார். அந்தக் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கிற உரிமைக்காக 1924-இல் பெரியார் சிறைக்குப் போனார், நினைவகம் பக்கத்திலேயே இருக்கிறது. காந்தி 1925-இல் வைக்கம் வந்து இறங்கியதும் படகில்தான். ஒரு அரை நாளில் ஆத்திகர், நாத்திகர் எல்லோரையும் திருப்திப்படுத்தலாம். உங்கள் குடும்பத்தில் இரண்டு வகையும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் ஹவுஸ்போட்டுக்கு ஒரே ஒரு கேள்வி: ராத்திரி எங்கே கட்டுவீர்கள்? பதிலைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். தனியாக ஒரு வரப்போரம் கட்டுகிற ஆள் கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம். கெட்டுவள்ளம் என்கிற பழைய சரக்குப் படகின் உடல்தானா என்றும் பாருங்கள். ஆணி அடிக்காமல் ஆஞ்ஞிலி மரப் பலகைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது, ஒரு காலத்தில் நெல்லும் அரிசியும் சுமந்தது. பலகை சேரும் இடத்தில் முடிச்சுகள் வரிசையாகத் தெரியும், தொட்டுப் பார்க்கலாம்.

எங்கள் குமரி மாவட்டத்திலும் இப்படி ஒரு நீர்வழி இருந்திருக்க வேண்டியது. திருவிதாங்கூர்க்காரர்கள் 1860 வாக்கில் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். கன்னியாகுமரி வரை கொண்டுவர நினைத்தார்கள், வரவில்லை. வெட்டிய பகுதியும் தூர்ந்து, பல இடத்தில் சாக்கடையாகக் கிடக்கிறது. ஆலப்புழைக்கு நான் அடிக்கடி ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அம்மா ஏறும்போது படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருக்கும். நீங்கள் முந்திக்கொண்டு கை கொடுக்காதீர்கள், இரண்டு பேரும் தள்ளாடுவீர்கள். லஸ்கர் பார்த்துக்கொள்வார், அவருக்கு அது தினமும் நூறு தடவை செய்கிற வேலை.

அன்புடன்.