அமெரிக்காவில் "வெள்ளையர் சலுகை" என்பது உண்மையா? ஏழை வெள்ளையர்களும் இருக்கிறார்களே?

பதினாறு வருடங்களாக டெட்ராய்டுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். கார் உதிரிபாகத் தொழிலில் வேலை. வந்த புதிதில் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், "உழைக்கிறவன் முன்னுக்கு வருகிறான், இதில் வெள்ளை என்ன, கறுப்பு என்ன?" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அந்தப் பதிலை இன்று என்னால் எழுத முடியாததற்குக் காரணம் என் வீட்டுப் பத்திரம்.

நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல, இங்கே வீடு வாங்கும்போது பழைய பத்திரங்களைத் தோண்டிப் பார்த்துச் சொல்ல ஒரு கம்பெனி உண்டு. அவர்கள் அனுப்பிய காகிதக் கட்டுக்குள், 1940களில் தட்டச்சு செய்த ஒரு தாளின் மங்கிய நகல் இருந்தது. வேலி எத்தனை அடி இருக்கலாம், கோழி வளர்க்கலாமா என்ற நிபந்தனைகளுக்குக் கீழே இன்னொன்று: காக்கேசிய (அதாவது வெள்ளை) இனத்தவரைத் தவிர வேறு எவரும் இந்த மனையை வாங்கவோ இதில் குடியிருக்கவோ கூடாது, வீட்டுக்காரரிடம் வேலை பார்க்கும் பணியாட்கள் மட்டும் தங்கலாம். கோழிக்கு அடுத்த வரி. மூன்று முறை படித்தேன். அந்தக் காலத்தில் வந்திருந்தால் இதே வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு நான் தங்கியிருக்கலாம்.

"செல்லாத வாசகம், கண்டுகொள்ளாதீர்கள்" என்றார் வழக்கறிஞர். உண்மைதான். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான வழக்குகளில் ஒன்று, டெட்ராய்டில் வீடு வாங்கிக் குடியேறிய மெக்கீ என்ற கறுப்பினத் தம்பதியுடையது. அவர்களை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டையே தடை செய்யும் சட்டம் வர 1968 ஏப்ரல் ஆனது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழித்துத்தான் அது கையெழுத்தானது.

"இந்தியர்களும் காக்கேசியர்கள்தானே" என்று பள்ளிப் புத்தகத்தை நினைவு வைத்துக்கொண்டு யாராவது கேட்கலாம். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் அதைத்தான் சொல்லிப் பார்த்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். சாதாரண மனிதனின் புரிதலில் இந்தியர் வெள்ளையர் ஆக மாட்டார் என்று 1923இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லி, குடியுரிமையை மறுத்துவிட்டது.

இனி கேள்விக்கு வருகிறேன். "சலுகை" என்ற சொல்தான் நம்மவர்களைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். சலுகை என்றால், மாணவர்களுக்குத் தரும் பஸ் பாஸ் போல, யாரோ கூப்பிட்டுக் கையில் கொடுப்பது. கென்டக்கியில் சுரங்கம் மூடி வேலை போன ஒரு வெள்ளைக்காரரிடம் போய் "உனக்குச் சலுகை இருக்கிறது" என்றால், "எங்கே, காட்டு" என்பார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் இங்கே பேச்சு அதைப் பற்றியது இல்லை. எல்லோரும் நிற்கும் வரிசையில், உன் தோலைப் பார்த்து "நீ விலகு" என்று யாரும் சொல்லாமல் இருந்தார்களா என்பதுதான் கேள்வி. அப்படி விலக்கப்படாதவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தெரியவேண்டிய அவசியம் வந்திருக்காது.

டெட்ராய்டில் இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். எட்டாவது மைல் சாலைக்குச் சற்றுத் தெற்கே, பர்வுட் தெரு வீடுகளின் கொல்லைப்புறமாக ஒரு கான்கிரீட் சுவர் ஓடுகிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். அந்தப் பகுதியில் 1920களிலிருந்தே கறுப்பினக் குடும்பங்கள் மனை வாங்கிக் குடியிருந்தன. அதற்குப் பக்கத்தில் வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்க ஒருவர் திட்டம் போட்டார். அன்று நடுத்தரக் குடும்பம் வீடு வாங்க வேண்டுமென்றால், மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்கு உத்தரவாதம் தர வேண்டும். "கறுப்பர் குடியிருப்புக்கு மிக அருகில் இருக்கிறது, தர முடியாது" என்று அது கைவிரித்துவிட்டது. 1941இல் இடையில் அந்தச் சுவரை எழுப்பினார்கள். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சுலபத் தவணை, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மண் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று.

என் மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போனேன். விளையாட்டுத் திடலை ஒட்டிய பகுதியில் சுவர் முழுக்க வண்ணப் படங்கள் வரைந்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் வெறும் சாம்பல் நிறம்; யாரோ ஒருவர் அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார். இன்று சுவருக்கு இரண்டு பக்கமும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்களே வசிக்கிறார்கள். வெள்ளையர்கள் எப்போதோ வடக்கே புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். "அப்படியானால் ஏன் இன்னும் இடிக்கவில்லை?" என்றான் மகன். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

அலுவலகத்தில் என்னோடு மதிய உணவு சாப்பிடும் இருவர் உண்டு, ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். இருவரின் தந்தையரும் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிவிட்டு டெட்ராய்டுக்குத் திரும்பி, கார் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். போர் வீரர்களுக்கு வீட்டுக் கடன், படிப்புச் செலவு எல்லாம் தரும் சட்டம் 1944இல் வந்தது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. கடன் தரும் வங்கி மட்டும் நிறம் பார்த்துத் தந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. அங்கே நிலைமை மிக மோசம் என்பது வேறு விஷயம். வடக்கிலும் வாசல் விரியத் திறந்துவிடவில்லை.

வெள்ளை நண்பரின் தந்தை குறைந்த வட்டியில் புறநகரில் வீடு வாங்கினார். முப்பது வருடங்களில் அதன் மதிப்பு பல மடங்கானது. அதன் மேல் கடன் எடுத்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார். கறுப்பு நண்பரின் தந்தைக்கு வங்கிக் கதவு திறக்கவில்லை. விற்பவரிடமே மாதத் தவணை கட்டும் ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார். அந்த ஏற்பாட்டில் கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் கைக்கு வராது, ஒன்றிரண்டு தவணை தவறினால் கட்டியது அத்தனையும் போய்விடும். 1950களின் கடைசியில் ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது போய்விட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. தட்டில் இருந்த பட்டாணியை ஒதுக்கிக்கொண்டே சொன்னார். வெள்ளை நண்பர் நல்ல மனிதர், யாரையும் ஒரு சொல் தவறாகப் பேசியவர் அல்ல. "எங்கள் அப்பா யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதுவும் உண்மைதான். பிடுங்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லையே.

இப்படி லட்சக்கணக்கான வீடுகளைக் கூட்டிப் பாருங்கள். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பின்படி, நடுமட்டத்தில் இருக்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 45,000. ஒருவர் இரட்டை ஷிஃப்ட் பார்த்து அடைத்துவிடக்கூடிய இடைவெளி இல்லை இது. வேலைச் சந்தையிலும் கதை வேறு மாதிரி இல்லை: ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. வெள்ளையர் பெயர் இருந்தால் ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது.

ஏழை வெள்ளையர்களுக்குத் திரும்புகிறேன், அந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 1930களில் அரசு முகமை ஒன்று நகர வரைபடங்களில் "கடன் கொடுக்க ஆபத்தான பகுதி" என்று சிவப்பு நிறம் பூசிய இடங்களில் ஏழை வெள்ளையர்களும் ஏராளமாக இருந்தார்கள். அவர்களும் அடிபட்டார்கள். ஆனால் கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர்களால் அங்கிருந்து கிளம்பிப் பச்சை நிறப் பகுதிக்குப் போக முடிந்தது. டெட்ராய்டில் ஓசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் 1925இல் அப்படிக் கிளம்பிப் பார்த்தார். வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். மறுநாள் இரவே கூட்டம் கூடிக் கல்லெறிந்தது, உள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது, கொலை வழக்கில் குடும்பமே சிறைக்குப் போனது. கடைசியில் தண்டனை இல்லாமல் தப்பினார்கள் என்றாலும், மருத்துவர் என்ற பட்டமும் பணமும் அந்த இரவில் உதவவில்லை.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை விருந்துகளில் பேப்பர் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு, "டெட்ராய்ட் பக்கம் மட்டும் வீடு பார்க்காதீர்கள், பள்ளிக்கூடம் சரியில்லை, அவர்கள் படிக்க மாட்டார்கள்" என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். நகரப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் கலந்து படிக்கவைக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 1974இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறுத்தியது என்பதும், அதற்குக் காரணமான வழக்கு இதே டெட்ராய்டுடையது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. நான் தேடித் தேடி வந்த "நல்ல பள்ளி மாவட்டம்" அந்த நகர எல்லைக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. வரி கட்டுகிறேன், உழைக்கிறேன், எல்லாம் சரி. ஆசியர்களுக்கு ஏறத்தாழக் கதவைச் சாத்தி வைத்திருந்த குடியேற்றச் சட்டம் 1965இல் மாறியது. கறுப்பினத்தவர்கள் தெருவில் இறங்கி அடிவாங்கிய அதே வருடங்களில். என் விசா அந்தக் கதவு வழியாக வந்ததுதான். இதைச் சொன்ன அன்று விருந்தில் யாரோ கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

பத்திரத்தில் இருக்கும் அந்த வாசகத்தைப் பதிவிலிருந்து விலக்கிவிட இப்போது எங்கள் மிச்சிகன் மாநிலத்தில் வழி இருக்கிறது, ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். கொடுத்துவிடு என்கிறாள் மனைவி. படிவம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சுவரை ஏன் இடிக்கவில்லை என்று கேட்ட மகனுக்கு இப்போது பதினான்கு வயது. போன வாரம் அந்த நகலை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "கோழி வளர்க்க இப்போதாவது அனுமதி உண்டா?" என்றான்.