பிளேட்டிங் கழிவு: லாரியில் ஏற்றும் முன்

கேள்வி: கோவையில் சிறிய பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறை வைத்திருக்கிறேன். சுத்திகரிப்புத் தொட்டிக் கசடு கோணிப்பைகளிலும், பழைய அமிலமும் சயனைடு கரைசலும் கேன்களிலும் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே லோடாகக் கும்மிடிப்பூண்டி கழிவு நிலையத்துக்கு அனுப்பலாமா? அதுவரை எப்படி வைப்பது?

பதில்: ஒரே லோடாக வேண்டவே வேண்டாம். இன்றே அந்தக் கேன்களைப் பிரித்து வையுங்கள், மற்ற வேலையெல்லாம் பிறகு. சயனைடு கரைசலில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத அறையில் அது சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். தள்ளித் தள்ளி வைத்தால் மட்டும் போதாது. இரண்டும் ஒழுகி, தரைச் சரிவில் ஓடி, ஒரே குழியில் சேர்ந்தாலும் அதே ஆபத்துதான். ஒவ்வொன்றையும் சுற்றித் தனித் தடுப்புச்சுவர் எழுப்புங்கள். உள்ளே இருக்கும் மிகப் பெரிய கேன் முழுதாகக் கொட்டினாலும் அது வெளியே போகக் கூடாது. புனல், வாளி, பம்பு கூடத் தனித்தனியாக இருக்கட்டும். குரோமிக் அமிலத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் துணி கிடந்தால் உடனே அகற்றுங்கள், தீப்பிடிக்கும்.

அமிலத்தை இரும்புப் பேரலில் ஊற்றாதீர்கள். இரும்பை அரித்து ஹைட்ரஜன் உண்டாகி பேரல் உப்பிக்கொள்ளும். தடித்த பிளாஸ்டிக் டிரம்தான் சரி, அதையும் கழுத்துவரை நிரப்பாதீர்கள்.

கோணிப்பையிலிருந்து கசடின் ஈரம் கசிந்தால் நிக்கலும் குரோமியமும் மண்ணில் இறங்கும். நன்றாகப் பிழிந்து, உள்ளே பாலித்தீன் உறை போட்ட பையில் கட்டி, கூரைக்குக் கீழே சிமெண்ட் தரையில் வையுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வரவே கூடாது.

2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி 90 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு வரும் சிறு பட்டறைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். எழுதிக் கேளுங்கள்.

அனுப்பும் முன் கழிவு நிலையத்துக்கு மாதிரி கொடுத்து, எதை ஏற்பார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திரவக் கழிவை நிலத்தில் புதைக்க முடியாது, அதற்கு வேறு வழி சொல்வார்கள். டிரம் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துள்ள, தண்ணீரில் அழியாத லேபிள் வேண்டும் (படிவம் 8). டிரைவர் கையில் அவசரகால அட்டை (படிவம் 9) கொடுத்து, கசிந்தால் என்ன செய்வதென்று வாயாலும் சொல்லுங்கள்.

லோடோடு போகும் கழிவு விவரச் சீட்டான படிவம் 10 மேனிஃபெஸ்டில் ஏழு பிரதிகள். மஞ்சள் பிரதியில் லாரிக்காரரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சரக்கைப் பெற்றவர் நீலப் பிரதியைத் திருப்பி அனுப்புவார். அது வரவில்லையென்றால் விடாமல் கேளுங்கள், லோடு உரிய இடத்தில்தான் இறங்கியது என்பதற்கு அதுதான் ஆதாரம்.