நவீன ஓவியக் கண்காட்சிக்கு வருபவர்களுக்கு உண்மையில் ஏதாவது தோன்றுகிறதா, அல்லது தோன்றியதுபோல் நிற்கிறார்களா?

புதுச்சேரிக்குச் சுற்றுலா வந்தபோது ஒரு ஓவியக் கூடத்துக்குள் நுழைந்து, பத்து நிமிடத்தில் ஒன்றும் பிடிபடாமல் வெளியே வந்ததாகவும், மற்றவர்கள் மட்டும் தலையைச் சாய்த்துப் படங்களின் முன் நின்றதைக் கண்டு அது பாவனையோ என்று ஐயப்பட்டதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஓவியரோ விமர்சகரோ இதற்கு வேறு விதமாகப் பதில் சொல்லக்கூடும். நான் கடலூர் முதுநகரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று, புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் உள்ள ஒரு சிறிய கூடத்தின் வாசலோரம் நாற்காலி போட்டு ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். படங்களைப் பார்த்ததைவிடப் படம் பார்ப்பவர்களைப் பார்த்த நேரமே எனக்கு அதிகம்.

பாவனை செய்பவர்கள் உண்டு; ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. நம் ஊர்களிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “செருப்பைக் கழற்றணுமா?” என்பதுதான். வேண்டாம் என்று சொன்ன பிறகும் சிலர் கழற்றி ஓரமாக விட்டுவிட்டே உள்ளே வருவார்கள். வெள்ளைச் சுவரும், குளிர்ச்சியும், யாரும் பேசாத அமைதியும் சேர்ந்து ஒரு சந்நிதியின் நினைவை உண்டாக்கிவிடுகின்றன. அதன் பிறகு அவர்கள் படத்தைப் பார்ப்பதைவிடத் தாங்கள் சரியாக நடந்துகொள்கிறோமா என்பதையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். தலையைச் சாய்த்து நின்றவர்களில் பாதிப்பேர் அந்தக் கவலையில் நின்றவர்களாகவே இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது கேள்வி, பாரதி பூங்காவுக்கு அருகில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுடையது. அரிக்கமேட்டுப் பானை ஓடுகளையும் கற்சிலைகளையும் கண்ட கண்ணோடு வருவதால், “இது எந்தக் காலத்தது?” என்று கேட்பார்கள். “போன மாதம் செய்தது” என்று சொன்னால் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும். விற்றுப்போன படத்தின் அருகில் சிவப்பு வில்லை ஒன்றை ஒட்டுவது கூடங்களின் வழக்கம். ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, ஆயுத பூசை முடிந்த கையோடு பொட்டு வைத்திருக்கிறோம் என்று எண்ணி, மற்ற படங்களுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் எல்லாப் படங்களையும் சுற்றிப் பார்த்த பிறகுதான் அதைக் கேட்டார் என்பது பிறகுதான் உறைத்தது.

வருகையாளர் குறிப்பேட்டை நம்பி யாருடைய மனத்தையும் அளந்துவிட முடியாது. “அருமை”, “சூப்பர்”, “வாழ்த்துகள்” என்பவையே பக்கம் பக்கமாக இருக்கும். கீழே கையெழுத்தும் ஊர்ப்பெயரும். பிரெஞ்சுக்காரர்கள் நீளமாக எழுதுவார்கள். வார இறுதியில் பெங்களூரிலிருந்து வரும் இளைஞர்கள் ஓர் இதயம் வரைந்துவிட்டுப் போவார்கள். “மின்விசிறி இன்னொன்று போடலாம்” என்று எழுதியவரை நான் மதிக்கிறேன். அவர் மட்டுமே உண்மையில் உணர்ந்ததை எழுதியவர். இன்னொருவர், “என் மகனும் இப்படித்தான் கிறுக்குகிறான், அவனை எங்கே சேர்க்கலாம்?” என்று எழுதித் தொலைபேசி எண்ணையும் குறித்திருந்தார். அது கேலியா, அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழைத்து, அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அங்கே விசாரியுங்கள் என்று சொன்னேன்.

எங்கள் கூடத்தின் மீது எனக்கு இருந்த மனக்குறை, படங்களின் பக்கத்தில் ஒட்டப்படும் குறிப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும் இருந்ததுதான். இரண்டு ஆண்டுகள் சொல்லிப் பார்த்த பிறகு, “வேண்டுமானால் நீயே எழுதி ஒட்டு” என்று உரிமையாளர் விட்டுவிட்டார். முதலில் ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே, “தலைப்பில்லை, கலப்பு ஊடகம்” என்று எழுதி ஒட்டினேன். யாரும் ஒரு நொடிகூடக் கூடுதலாக நிற்கவில்லை. கலப்பு ஊடகம் என்றால் என்னவென்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்டபோது, எனக்கே அதைச் சொல்லத் தெரியவில்லை. ஓவியரை அழைத்துக் கேட்டு, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, “பழைய வேட்டித் துணி, அடுப்புக்கரி, மெழுகு, துருப்பிடித்த தகரம்” என்று எழுதினேன்.

அன்று பிற்பகலில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் குறிப்பைப் படித்தவர்கள் உடனே படத்தை நெருங்கி, வேட்டி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். ஒருவர் கரைத் துண்டைக் கண்டுபிடித்துத் தன் மனைவிக்குக் காட்டினார். வீட்டுக்குச் சாயம் பூசும் தொழில் செய்பவர் ஒருவர் தகரத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது தண்ணி பட்ட துரு இல்ல தம்பி, கடக்காத்துத் துரு” என்றார். அவர் சொன்னது சரி. தகரம் கடற்கரையோரத்து வீடு ஒன்றின் கூரையிலிருந்து வந்தது. கூடத்துக்குள்ளும் அது துருப்பிடிப்பதை நிறுத்தாமல் தரையில் செம்பொடியை உதிர்த்துக்கொண்டிருந்தது, நான் நாள்தோறும் காலையில் அதைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர்களிடம் பொருளைச் சொல்லாமல் பொருள்களைச் சொன்னால் போதும் என்ற முடிவுக்கு நான் அப்போதுதான் வந்தேன். அந்த முடிவை உறுதிப்படுத்தியவர் ஓர் அம்மா.

பழைய மீன்வலை ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு ஒருவர் நிறுவியிருந்தார். ஆங்கிலத் துண்டறிக்கையில் நினைவு, இழப்பு, வெளி என்று ஏதேதோ இருந்தது. ஒன்பது நாள்கள் எல்லோரும் அதைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு வந்த இணை ஒன்று, அதற்குப் பின்னால் நின்று எடுக்க முடியுமா என்று கட்டணம்கூடக் கேட்டது. பத்தாம் நாள், தேவனாம்பட்டினத்திலிருந்து கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்திருந்த ஓர் அம்மா வலையைப் பார்த்ததும் நின்றார். கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். தொடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. “தம்பி, இது தலகீழா கட்டியிருக்கு. மெதவ கீழ கெடக்குது, ஈயம் மேல தொங்குது. இதுல எந்த மீனு மாட்டும்?” என்றார். 2004 டிசம்பரில் அலை வந்தபோது தங்கள் வீட்டில் இருந்த வலை அத்தனையும் போனதையும், அதன் பிறகு தன் கணவர் புது வலைக்குக் கடன் வாங்கியதையும், அந்த ஆங்கிலத் துண்டறிக்கையைத் தொடாமலே, முடிச்சுகளை விரலால் எண்ணிக்கொண்டே சொன்னார். குறிப்பேட்டை நீட்டினேன், வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

மாலையில் ஓவியரை அழைத்துச் சொன்னபோது, அது வேண்டுமென்றே அப்படிக் கட்டப்பட்டது என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். மறுநாள் காலை நான் கதவைத் திறப்பதற்கு முன்பே ஏணியோடு வாசலில் நின்றிருந்தார். மிதவைக் கயிறு மேலும் ஈயக்கயிறு கீழுமாக மாற்றிக் கட்டியதும், அதுவரை கொத்தாகச் சுருண்டிருந்த வலை ஈயத்தின் கனத்தில் நேராக இறங்கி, கண்ணிகள் விரிந்து, சுவரெங்கும் அவற்றின் நிழல் விழுந்தது. அவரும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இப்படி நடப்பது புதிதில்லை. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘படகு’ என்ற காகித வெட்டுப் படைப்பு 47 நாள்கள் தலைகீழாகத் தொங்கியது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பார்வையாளர்தான். அந்தப் பெண்மணி காவலரிடம் சொன்னபோது அவர் பொருட்படுத்தவில்லை. நாளிதழுக்குச் சொன்ன பிறகே விஷயம் வெளியே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் அந்தக் காவலரை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோலம் போடும் மக்களுக்கு, எந்த உருவத்தையும் காட்டாத அரூப ஓவியம் அந்நியமில்லை என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கோலத்தில் புள்ளி எத்தனை, கோடு எங்கே முடிய வேண்டும் என்பது பார்ப்பவருக்கும் தெரியும். தவறினால் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். நவீன ஓவியத்தில் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு விதியை வைத்துக்கொள்கிறார்கள், அதை நமக்குச் சொல்வதும் இல்லை. 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரைந்தார். ஜாதகக் கட்டம் போலவும் ஏட்டுச்சுவடி போலவும் இருக்கும். எழுத்து போல இருப்பவற்றை வாசிக்க முடியாது. அதே வழியில் வரைந்த ஓர் இளைஞரின் படங்கள் எங்கள் கூடத்தில் தொங்கியபோது, வந்தவர்கள் எல்லோரும் குனிந்து வாசிக்க முயன்று, முடியாமல், தமக்குத்தான் மொழி தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். “யாராலும் வாசிக்க முடியாது” என்று நான் சொன்ன பிறகு, தோளைத் தளர்த்திக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்கள்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் நிற்கும் நேரத்தை அளந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி சுமார் 27 வினாடிகள் என்று தெரியவந்தது. உலகப் புகழ் பெற்ற படைப்புகளுக்கே அவ்வளவுதான். நீங்கள் பத்து நிமிடம் இருந்திருக்கிறீர்கள். குறைவென்று வருந்த வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது, ஒயிட் டவுனில் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் கண்காட்சியானாலும் ஆரோவில்லின் பாரத் நிவாஸில் உள்ள கலா கேந்திரமானாலும், படத்தின் தலைப்பை விட்டுவிட்டு, எதனால் செய்யப்பட்டது என்ற வரியை முதலில் படியுங்கள். உங்கள் கைக்குப் பழக்கமான ஒரு பொருள் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். தோன்றியதைக் குறிப்பேட்டில் எழுத விருப்பமில்லையென்றால் வாசலில் இருப்பவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அன்று மாலை ஓவியர் அவரைத் தொலைபேசியில் அழைப்பார், விற்றதா என்று கேட்பதற்கு முன், “வந்தவங்க என்ன சொன்னாங்க?” என்றுதான் கேட்பார்.